இழுத்து வர இரண்டு பேர்

பெல்டோ, வட மிச்சிகன்
செப்டம்பர் 30, 1984, ஞாயிறு

அன்புள்ள உர்ஹோ சித்தப்பாவுக்கு,

மெர்ஜா எழுதுகிறேன். இந்தக் கடிதம் அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பதில் போட்டால் எங்கள் ஊர் நூலக முகவரிக்குப் போடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன். நூலகர் கேள்வி கேட்கமாட்டார்.

எட்டாம் வகுப்புக்குத் திருமதி ட்ரெவாரோ ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்: "மான் வேட்டையில் வேட்டைக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது எது?" குறைந்தது ஆறு பேரைக் கேட்க வேண்டும். 'இறைச்சி' என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களுக்கு மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இதுவரை மூன்று பேரைக் கேட்டிருக்கிறேன். தபால்காரர் லெரோய், "என் மனைவி என்னை எதுவும் செய்யச் சொல்லாத பதினாறு நாள்" என்றார். முடிவெட்டுகிறவர் கொம்பு என்றார். அவர் கடைச் சுவரைப் பார்த்தாலே அது தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐரீன், "சத்தமே இல்லாம உக்காரலாம்டி. தினமும் உங்க நாப்பது பேரை ஏத்தி இறக்கிப் பாரு, உனக்கும் புரியும்" என்றாள். அதுதான் இதுவரை கிடைத்ததில் சிறந்த பதில்.

அப்பாவை இன்னும் கேட்கவில்லை. நீங்கள் நான்காவது ஆள்.

போன நவம்பருக்குப் பிறகு எங்கள் வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் நீங்கள்தான் பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும். "தப்பான நம்பர்" என்று அப்பா வைத்துவிட்டார். தப்பான நம்பருக்கு யாரும் அவ்வளவு நேரம் காதைக் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த வருடம் நீங்கள் காட்டில் இருக்கும் நம் வேட்டைக் கேம்ப்புக்கு வருவீர்களா? இந்தக் கேள்வி கட்டுரைக்காக இல்லை.

அன்புடன்,
மெர்ஜா கோர்பெலா


டெட்ராய்ட்
அக்டோபர் 7

மெர்ஜாக்குட்டி,

கடிதம் கிடைச்சுது. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. நம்ம குடும்பத்துல இப்படி எழுதற முதல் ஆள் நீதான்.

என் பதில்: சாப்பாடு. உங்கம்மா கட்டிக் கொடுக்கிற பாஸ்டியைக் கேம்ப் அடுப்பு மேல வெச்சு, மாவு கருகி இறைச்சி வாசனை வந்ததும் உள்ளங்கை சுடச்சுடத் தின்னணும். ஒரே வார்த்தை இல்லை, எண்ணிப் பார்த்துக்கோ.

கேம்ப்புக்கு வரமாட்டேன். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு அலமாரி மேல ஏத்திட்டேன். "சத்தம் கேட்டாலே சுடுறவன்"னு எங்ககூடக் கேம்ப்புல இருந்த அர்விட் முன்னாடி என்னைச் சொன்னார் உங்கப்பா. அண்ணனே அப்படிச் சொன்னப்புறம் அதே காட்டுல நான் எப்படிப் போய் உக்காருறது?

படிப்பைக் கவனி. பெரியவங்க சண்டை உனக்கு வேண்டாம்.

உர்ஹோ


பெல்டோ
அக்டோபர் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் அந்தச் சண்டை எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் எதைப் பற்றிய சண்டை என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போன வருடம் வேட்டை தொடங்கிய முதல் நாளே, கன்னத்தில் மரச் சிலாம்பு கிழித்த காயத்தோடு அப்பா வீட்டுக்கு வந்தார். நீங்கள் உங்கள் படுக்கையைக்கூட எடுக்காமல் டெட்ராய்ட் போய்விட்டீர்கள்.

இன்னொரு செய்தி. அர்விட் மாமா முழங்கால் வலிக்கு வெயில்தான் மருந்து என்று அரிசோனாவில் மகள் வீட்டுக்கே போய்விட்டார். அதனால் இந்த வருடம் கேம்ப்பில் அப்பா தனி ஆள். அம்மா கேட்டதற்கு, "மான் கூட்டமா வந்தா என்ன, நான் கூட்டமா போகணுமா?" என்றார்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஒரு முறை எழுதி அடித்துவிட்டேன். கொட்டகையிலிருந்து விறகு தூக்கி வரும்போது அப்பா ஒவ்வொரு இருபது அடிக்கும் நின்று வானத்தைப் பார்க்கிறார், மழை வருமா என்று பார்ப்பதுபோல. நானும் பார்த்தேன். வானத்தில் ஒன்றுமே இல்லை.

போன வருடம் என்ன நடந்தது? தயவு செய்து சொல்லுங்கள். சாப்பாடு என்ற உங்கள் பதிலையும் நான் நம்பவில்லை. நீங்கள் பாஸ்டியைப் பாதி மட்டும்தான் தின்பீர்கள்.

மெர்ஜா


டெட்ராய்ட்
அக்டோபர் 20

மெர்ஜா,

நீ கேட்டுட்டே. பதில் எழுத மூணு நாள் ஆச்சு.

விடியறதுக்கு முன்னாடியே ஏறி உக்காந்துடுவோம். மேட்டுக்கு இந்தப் பக்கம் என் பரண், அந்தப் பக்கம் அவரோடது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. ஆனா அவர் அங்கே இருக்கார்னு தெரியும். என்னை மாதிரியே விரல் விறைச்சு, மூக்கு ஒழுக, வாயைத் திறக்காம உக்காந்திருப்பார். மெதுவா வெளிச்சம் வரும், ஒவ்வொரு மரமா முளைச்சு வர்ற மாதிரி. எனக்குப் பிடிச்சது அந்த ஒரு மணி நேரம்தான். மான் வராட்டியும் பரவாயில்லை. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, கட்டுரைல என் பேர் போடாதே.

இப்போ மத்தது. கேம்ப்போட விதி ஒண்ணே ஒண்ணுதான்: பதினொரு மணி வரைக்கும் யாரும் பரணை விட்டு இறங்கக் கூடாது. எல்லாரும் எங்கே இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் துப்பாக்கியைத் தூக்கலாம். போன வருஷம் எட்டே முக்காலுக்குக் கீழே சீடர் மரத்துக்கு நடுவுல ஒரு மான் வந்துச்சு. கொம்பைப் பார்த்தேன். சுட்டேன். தவறிப்போச்சு. அடுத்த நொடி உங்கப்பா குரல். தோட்டா பட்ட மரத்துலேர்ந்து ஆறு அடியில அவர் நிக்கறார், கன்னத்துல ரத்தம். மான் இல்லை, ஆளுன்னு தெரியறதுக்காகப் போடற ஆரஞ்சுச் சட்டையைக் கழட்டிக் கையில சுருட்டி வெச்சிருந்தார்.

"ஏன் இறங்கினீங்க?"ன்னு கத்தினேன். "குளிருச்சு"ன்னார். சட்டையை ஏன் கழட்டினீங்கன்னா, "வேர்த்துச்சு"ன்னார். மீசையில மூச்சு உறையற குளிர்ல யாருக்காவது வேர்க்குமா? மானைப் பார்த்தீங்களான்னு கேட்டேன். "எந்த மான்? சத்தம் கேட்டாலே சுடுறவன் நீ"ன்னார்.

நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். மானைத் தவறவிட்டவனோட சட்டைப் பின்நுனியை வெட்டி, பேரும் தேதியும் எழுதிக் கேம்ப் சுவத்துல அடிப்போம். கேலிதான், ஆனா கௌரவம். அன்னைக்கு யாரும் என் சட்டையை வெட்டலை. அதுக்கு என்ன அர்த்தம்? அங்கே மானே இல்லை, நான் அண்ணனைத்தான் சுட்டேன்னு அர்த்தம்.

ஒரு வருஷமா இதையே நினைச்சிட்டிருக்கேன். கண் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன். பார்வை நல்லா இருக்காம். அப்போ நான் பார்த்தது என்ன?

உர்ஹோ


பெல்டோ
அக்டோபர் 27, சனி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் 'வேர்த்துச்சு' என்ற இடத்தை நான் பத்து முறையாவது படித்திருப்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பாவின் வேட்டைச் சட்டையை மூன்று வாரம் முன்பே வெளியே கொடியில் போட்டு, பக்கத்தில் சீடர் மரக் கிளைகளைத் தொங்கவிடுவது என் வேலை. வீட்டு வாசனை போனால்தான் மான் நெருங்கி வரும். செவ்வாய்க்கிழமை உதறும்போது உள்பையில் சுண்டுவிரல் அளவு ஒரு பழுப்புப் புட்டி இருந்தது. 'நெஞ்சு வலி வந்தால் நாக்கின் அடியில் ஒன்று' என்று ஒட்டியிருந்தது. தேதி போன வருடம் நவம்பர் 19. நீங்கள் போய் நான்காம் நாள். வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்று சொல்லி அப்பா நகரத்துக்குப் போன நாள் அது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பழைய டயரோடேயே திரும்பி வந்தார்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாதே" என்றார். "சொன்னா இந்த வருஷம் விடமாட்டா. அப்புறம் எந்த வருஷமும் விடமாட்டா. வாழ்நாள் முழுக்க நாற்காலியில உக்காத்தி வெச்சிடுவா." நான் சத்தியம் செய்தேன்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னார். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்படி நினைப்பது ஏமாற்று வேலையா என்று நான்கு நாள் யோசித்தேன். ஏமாற்று வேலைதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

அன்று அவர் பரணை விட்டு இறங்கியது குளிரால் இல்லை, சித்தப்பா. உங்கள் கண்ணிலும் தப்பு இல்லை. நீங்கள் வந்தால் அவர் தனியாக இருக்கமாட்டார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மெர்ஜா


டெட்ராய்ட்
நவம்பர் 1

மெர்ஜா,

நீ தப்பு செய்யலை. அதை முதல்ல சொல்லிடறேன்.

ஆனா நான் வரமாட்டேன். ஒரு வருஷம் என்னைக் கொலைகாரன் மாதிரி நடமாட விட்டார். ஒரே ஒரு வார்த்தை, "நெஞ்சு வலிச்சுதுடா"ன்னு சொல்லியிருந்தா போதும். நானே அவரைத் தோள்ல தூக்கிட்டு வந்திருப்பேன். சொல்லலை. தம்பி பேர் கெட்டாலும் பரவாயில்லை, தன் வேட்டை நிக்கக் கூடாது. அப்படிப்பட்டவர் கேம்ப்ல நான் எதுக்கு?

அண்ணிகிட்ட சொல்லு. இன்னைக்கே சொல்லு. பதிமூணு வயசுப் பொண்ணு தூக்கற சுமை இல்லை இது. சத்தியத்தை நான் பார்த்துக்கறேன்.

உர்ஹோ


பெல்டோ
நவம்பர் 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சொல்லவில்லை. நேற்று இரண்டு முறை சமையலறை வரை போனேன். முதல் முறை அம்மா பாஸ்டிக்கு டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றாள். "நானும் நறுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டாம் முறை அதைக்கூடக் கேட்கவில்லை.

ஆனால் அப்பாவிடம் கட்டுரைக் கேள்வியைக் கேட்டேன். கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தபடி கிண்டல் செய்யவில்லை. ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"இழுக்கிறதுதான்" என்றார்.

"எதை?"

"மானைத்தான். சுட்டு முடிச்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. அப்பத்தான் ஆரம்பம். நூத்தம்பது பவுண்டு. ஓடையைத் தாண்டணும், மேட்டுல ஏத்தணும். கொம்புல கயிறு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். அவன் என்னைத் திட்டுவான், நான் அவனைத் திட்டுவேன். பனியில விழுந்து புரண்டு சிரிச்சிருக்கோம். கேம்ப்புக்கு வந்து சேரும்போது கை காலெல்லாம் செத்துப்போயிருக்கும். அதைவிடச் சந்தோஷம் நான் வேற எதுலயும் பார்த்ததில்லை."

'அவன்' என்றார். ஒரு வருடத்தில் உங்களைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"இந்த வருஷம் யார் இழுப்பாங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டு கை இருக்கு" என்றார்.

நூலகத்தில் மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பனியில் பாரம் இழுப்பது என்று தனியாகவே ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அதற்குமேல் படிக்காமல் மூடிவிட்டேன்.

அப்பா பதினான்காம் தேதி மதியம் கிளம்புகிறார். ஒரு கடிதம் போய்ச் சேர மூன்று நாள். இதற்கு நீங்கள் உடனே பதில் போட்டால் பன்னிரண்டாம் தேதி என் கைக்கு வரும். தினமும் நூலகம் போவேன்.

மெர்ஜா


பெல்டோ
நவம்பர் 14, புதன், மாலை ஐந்து மணி

சித்தப்பா,

உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை. நூலகரே இன்று என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார்.

அப்பா மதியம் போய்விட்டார். கயிற்றை முன் இருக்கையில் வைத்துக்கொண்டார். வண்டி திருப்பம் தாண்டியதும் நான் உள்ளே போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்பே சொல்லியிருந்தால் அவர் போயிருக்கமாட்டார். போன பிறகு சொன்னேன். நான் எப்படிப்பட்ட பெண் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா அழவில்லை. கையில் இருந்த தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள். "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றாள். "மூணு வாரம்." "மூணு வாரமா நீ சரியாச் சாப்பிடலை. நான் அதைக் கணக்குப் பாடம்னு நினைச்சேன்" என்றாள்.

ஷெரீஃபைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "கேம்ப்புல காலை நீட்டிக் காப்பி குடிக்கிற மனுஷனைப் பிடிச்சுட்டு வான்னா எந்த ஷெரீஃப் வருவான்? அதுவும் நாளைக்கு?" என்றாள். ஊரில் ஒரு வண்டியும் இல்லை, எல்லாம் காட்டுக்குப் போய்விட்டன. நாளை பள்ளியும் விடுமுறை. ஐரீன் மட்டும் நாளை மதியம் காட்டிலிருந்து திரும்பியதும் எங்களைக் கேம்ப்புக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். மதியம்! வேட்டை காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும்.

அம்மா உங்களுக்குத் தொலைபேசி செய்தாள். இருபது முறை மணி அடித்தது. அரைமணி கழித்து நான் செய்தேன். அப்போதும் யாரும் எடுக்கவில்லை.

எங்கே போய்விட்டீர்கள், சித்தப்பா?

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மெர்ஜா


கேம்ப்பிலிருந்து
நவம்பர் 15, வியாழன், மதியம்

மெர்ஜாக்குட்டி,

முதல்ல இது: உங்கப்பா நல்லா இருக்கார். எதிர்ல உக்காந்து, என் பேனா கீறுற சத்தம் எரிச்சலா இருக்குன்னு திட்டிட்டிருக்கார்.

உன் ஆறாம் தேதிக் கடிதம் வந்த அன்னைக்கே "வர முடியாது"ன்னு பதில் எழுதி ஸ்டாம்பும் ஒட்டினேன். அது இன்னும் என் பையிலயேதான் இருக்கு. இழுக்கிறதுதான் பிடிக்கும்னாராமே, அதைப் படிச்சப்புறம் எனக்குத் தொழிற்சாலையில ஒரு வேலையும் ஓடலை. நேத்துக் காலைல கிளம்பினேன். மக்கினா பாலத்துல காத்து வண்டியைத் தூக்கிடும்போல இருந்துச்சு. இங்கே வந்து சேரும்போது சாயங்காலம் ஆறு மணி.

கதவைத் திறந்தேன். அவர் அடுப்புக்கு விறகு போட்டுட்டிருந்தார். "சாத்துடா, குளிர் உள்ள வருது"ன்னார். ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான் பேச்சு. உன் பேரை நான் எடுக்கலை.

காலைல ஆளுக்கொரு பரண்ல ஏறினோம். எட்டேகாலுக்கு அவர் பக்கத்துலேர்ந்து ஒரு வெடி. ஒண்ணே ஒண்ணு. அவர் சுட்டா விழுந்திருக்கும், அது நிச்சயம். பதினொண்ணு வரைக்கும் நான் இறங்கக் கூடாது. அவர் மட்டும் உக்காந்திருப்பாரா? இருபது நிமிஷம் பொறுத்தேன். அப்புறம் ஆரஞ்சுத் தொப்பியைக் கம்புல மாட்டித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணா, நான்தான் வர்றேன், சுட்டுடாதீங்க"ன்னு கத்திக்கிட்டே இறங்கினேன். அந்த வட்டாரத்துல இருந்த மானெல்லாம் கனடாவுக்கே போயிருக்கும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல இருந்தார். மானைக் கிழிச்சு சுத்தம் பண்ணி, கயிறை இடுப்புல கட்டிக்கிட்டுப் பனியில உக்காந்திருந்தார். முகம் சாம்பல் நிறம்.

"பதினொண்ணு ஆயிடுச்சா?"ன்னார்.

"இல்லை."

"அப்புறம் எதுக்கு இறங்கினே?"

"குளிருச்சு"ன்னேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவர் உள்பையில கைவிட்டுப் புட்டியை எடுத்து ஒரு மாத்திரை கொடுத்தேன். நாக்கடியில வெச்சுக்கிட்டார். முகத்துல நிறம் திரும்பற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

"மெர்ஜாவா?"

"ஆமா."

"சொல்லாதேன்னேனே."

"அண்ணிகிட்டதான் சொல்லாதேன்னீங்களாம்."

"புத்தகம் வாங்கிக் கொடுத்தது என் தப்பு"ன்னார்.

அப்போ கேட்டுட்டேன். "போன வருஷம் அங்கே மான் இருந்துச்சா, இல்லையா?"

இடுப்புக் கயிறை அவிழ்த்துக் கீழே போட்டார். அப்புறம், "எட்டுக் கிளைக் கொம்பு. என் முன்னாடிதான் ஓடிச்சு. பார்த்தேன்னு சொன்னா, அங்கே எதுக்கு நின்னேன்னு கேப்பீங்க"ன்னார்.

"ஒரு வருஷம், அண்ணா. கண் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன்."

"என்ன சொன்னான்?"

"கண்ணு நல்லா இருக்காம்."

"நல்லா இருந்தா எப்படிடா அவ்வளவு பெரிய மானைத் தவறவிட்டே?"

அவரை அடிச்சிருப்பேன். ஆனா சிரிப்பு வந்துடுச்சு, அவருக்கும்தான். "ரொம்பச் சிரிக்காதீங்க, நெஞ்சுக்கு ஆகாது"ன்னேன். "திரும்புடா"ன்னார். கத்தியை எடுத்து என் சட்டைப் பின்நுனியை ஒரு சாண் வெட்டிட்டார். புதுச் சட்டை. போன வருஷத் தேதி போட்டு இப்போ சுவத்துல அடிச்சாச்சு.

மானை நான் தனியா இழுத்தேன். அவர் ரெண்டு துப்பாக்கியையும் காலி பண்ணி எடுத்துக்கிட்டு முன்னாடி நடந்தார். "இடது பக்கம்டா, கழுதை. மரத்தைப் பாரு. உன்னை எவன்டா வேலைக்கு வெச்சான்?" வழி பூரா இதேதான். நான் மூச்சு வாங்கற மாதிரி அடிக்கடி நின்னேன், அவர் உக்காரணுமே. பாதி நேரம் நடிப்பு, பாதி நேரம் நிஜம். ரெண்டரை மணி நேரம் ஆச்சு. கட்டுரைல எழுதிக்கோ: உங்கப்பாவுக்குப் பிடிச்சது இழுக்கறது இல்லை, என்னைத் திட்டறதுதான். அது டாக்டர் தடுக்காத சந்தோஷம்.

உன் மேல கோபமாத்தான் இருக்கார். ரெண்டு நாள் பேசமாட்டார், மூணாவது நாள் எதையாவது கேட்டு வருவார். பொறுத்துக்கோ. கோபப்பட ஆள் இருக்கார், அது போதும்.

நாங்க ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம். நெடுஞ்சாலைக் கடைக்குப் போய் அவரே அண்ணிக்குப் போன் பண்ணிச் சொல்லணும். அங்கேயிருந்து நேரா டாக்டர்கிட்ட. "உங்கண்ணி குரலைக் கேட்டே நான் செத்துடுவேன்"ங்கறார். இந்தக் கடிதத்தையும் அந்தக் கடையிலயே போடறேன்.

யார் வண்டியை ஓட்டறதுன்னுதான் இப்போ தகராறு. அவர் வண்டியை இது வரைக்கும் அவரைத் தவிர யாரும் ஓட்டினதில்லை, உங்கம்மாகூட. நான் ஓட்டறேன்னேன். "என் பிணத்து மேலதான் ஓட்டுவே"ன்னார். அப்படி ஆகக் கூடாதுன்னுதான் ஓட்டறேன்னு சொன்னேன். சாவியை எடுத்துக்கிட்டு, கதவை அறைஞ்சு சாத்திட்டு வெளியே போயிட்டார்.

இப்போ ஹாரன் அடிக்கறார். கையை எடுக்காம அடிக்கறார். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன்.

பக்கத்து இருக்கையிலேர்ந்து எட்டி அடிச்சிட்டிருக்கார். ஓட்டற இடம் காலியா இருக்கு.

உர்ஹோ சித்தப்பா